சி.எஸ்.ஐ.யா, தனிச் சபையா: போதகர் கையில் எவ்வளவு அதிகாரம்?

ஊர் மாறி வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். சி.எஸ்.ஐ.யிலேயே (தென்னிந்தியத் திருச்சபை) தொடரலாமா, தெருமுனையில் இருக்கும் சுயாதீன பெந்தெகொஸ்தே சபைக்குப் போகலாமா? பிரசங்கத்தை விடுங்கள், நிர்வாகத்தை மட்டும் பார்ப்போம்.

போதகர் எப்படி வருகிறார்?
சி.எஸ்.ஐ.: பேராயர் (பிஷப்) அனுப்புகிறார், சில ஆண்டுகளில் மாற்றுகிறார். நமக்குப் பிடித்தவராக இருந்தாலும் போயாக வேண்டும்.
தனிச் சபை: பெரும்பாலும் அவரே தொடங்கியது. மாற்றல் என்ற பேச்சே இல்லை. அவருக்குப் பின் மகன் வருவது சகஜம்.

காணிக்கைப் பணம்?
சி.எஸ்.ஐ.: ஆயர், அதாவது போதகர், தலைவராக இருந்தாலும் சபையார் தேர்ந்தெடுக்கும் சேகரக் கமிட்டியைக் கேட்காமல் செலவு செய்ய முடியாது. கமிட்டிக்குத் தேர்தல் உண்டு. அப்புறம் அணி, நோட்டீஸ், சில இடங்களில் வழக்கும் உண்டு. 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்தபோது பேராயரும் வேண்டும், சபையாரின் ஓட்டும் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். இழுபறி அதிலேயே இருக்கிறது.
தனிச் சபை: டிரஸ்ட் பத்திரத்தில் யார் யார் பெயர் என்று பாருங்கள். போதகரும் மனைவியும் மட்டும் என்றால் கணக்கு கேட்க இடமில்லை.

திருமணம்?
சி.எஸ்.ஐ.: ஆயரே நடத்தலாம், சிக்கலில்லை.
தனிச் சபை: 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி போதகரிடம் உரிமம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

கணக்கு வழக்கில் உங்களுக்கும் ஒரு குரல் வேண்டுமென்றால் சி.எஸ்.ஐ.தான். நடுராத்திரி போன் செய்தாலும் ஜெபிக்க வந்து நிற்கும் போதகர் வேண்டுமென்றால் தனிச் சபை, அந்த டிரஸ்ட் பத்திரத்தைப் பார்த்த பிறகு.