வலெட்டாவில் ஒரு பகல்: இம்டினாவா, பிர்குவா?

மால்டாவின் தலைநகரான வலெட்டாவுக்கு உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். முற்பகலை எங்கே செலவிடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செயின்ட் ஜான் பேராலயத்துக்குத்தான் போக வேண்டும். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியம், எந்தக் கூடத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இன்றும் இருக்கிறது. கழுத்திலிருந்து தரையில் வழியும் ரத்தத்தைக் கொண்டே ஓவியர் தன் பெயரை எழுதியிருப்பதை அருகில் நின்று பாருங்கள். அவர் கையெழுத்திட்டதாக நாம் அறிந்த ஒரே ஓவியம் இது. தரை முழுக்க, மால்டாவை ஆண்ட கிறித்தவப் போர்வீரர் அமைப்பான புனித யோவான் சபையின் வீரர்களுடைய பளிங்குக் கல்லறைகள் என்பதால் குதிகால் கூரான செருப்புக்கு அனுமதி இல்லை.

பிற்பகலுக்குத்தான் போட்டி.

தீவின் நடுவே மேட்டில் இருக்கும் பழைய தலைநகர் இம்டினா. மதிலுக்குள் முந்நூறு பேர்கூட வசிப்பதில்லை. மஞ்சள் சுண்ணாம்புக்கல் வீடுகள், வளைந்து செல்லும் சந்துகள், கொத்தளத்தில் நின்றால் பாதித் தீவு கண்ணில் படும். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் வலெட்டா நகர வாயிலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கும் மேலாகும். கோடையில் பஸ் நிரம்பி வழியும். அதே அளவு நேரம் திரும்பி வரவும் வேண்டும். அமைதிக்குப் பேர்போன ஊரில், கப்பல் கிளம்பும் நேரத்தை எண்ணியபடி நடப்பது அந்த ஊருக்கு நாம் செய்யும் அநியாயம்.

பிர்கு துறைமுகத்தின் எதிர்க்கரையிலேயே இருக்கிறது. வலெட்டாவின் மேல் பராக்கா தோட்டத்தில் நண்பகல் பீரங்கி முழக்கத்தைக் கேட்டுவிட்டு, 58 மீட்டர் உயர லிஃப்டில் கீழே இறங்கினால் படகுத்துறை. முனை உயர்ந்த வண்ணப் படகில் சில யூரோக்கள் கொடுத்துச் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம்.

எனக்குப் பிர்குதான் மேல். 1530இல் மால்டாவுக்கு வந்த புனித யோவான் சபையினர் முதலில் குடியேறியது இங்கேதான். 1565இல் துருக்கியப் படை முற்றுகையிட்டபோது அவர்கள் தாக்குப்பிடித்ததும் இங்கேதான். வலெட்டா என்ற நகரமே அந்த வெற்றிக்குப் பிறகு, 1566இல், எதிரே வெறும் மேடாகக் கிடந்த முனையில் எழுப்பப்பட்டது. முற்றுகையின்போது சபைத் தலைவராக இருந்த லா வலெட்டின் வாளும் தொப்பியும் பிர்குவின் சிறிய ஆலயமொன்றில் பாதுகாக்கப்படுகின்றன. பிர்குவின் முனையிலுள்ள செயின்ட் ஆஞ்சலோ கோட்டை மேலிருந்து பார்த்தால், துறைமுக வாயில், செயின்ட் எல்மோ கோட்டை, உங்கள் கப்பல் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். வலெட்டாவை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது வலெட்டாவுக்குள் நின்றால் புரியாது. இங்கே நின்றால் யாரும் சொல்லாமலே புரியும்.

இம்டினாவுக்கும் அந்த முற்றுகையில் பங்கு உண்டு. ஆகஸ்ட் 7 அன்று அங்கிருந்து பாய்ந்த குதிரைப்படை துருக்கியரின் பாசறையைத் தாக்கியதால்தான், பிர்கு மீதும் பக்கத்துச் செங்லியா மீதும் நடந்த பெருந்தாக்குதல் பாதியில் நின்றது. வரலாறு அறிந்து போகிறவருக்கு அது தனிச் சுவை.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் என் கணக்கு மாறும். அன்று பேராலயத்தில் வழிபாடு மட்டும்தான், பார்வையாளருக்கு இடமில்லை. முற்பகல் முழுதும் மிஞ்சுவதால் காலையில் கிளம்பும் முதல் பஸ்ஸிலேயே இம்டினாவுக்குப் போய்விடுங்கள், பிற்பகலில் பிர்குவுக்குப் படகேறுங்கள்.