பச்சை லைட்டை நம்பி 6,800 ரூபாய் போச்சு, மாசமாக இருப்பவர்கள் படியுங்கள்

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையன் 35 வாரத்திலேயே பிறந்துவிட்டான், இன்றோடு நாலு நாள், இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறான்.

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். வயிற்றில் கட்டும் பெல்ட்டைப் போனோடு சேர்த்தால் சூட்டு வலியா (அதாவது பொய் வலியா) பிரசவ வலியா என்று காட்டும் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அந்த ரகம். 24 மணி நேர நர்ஸ் ஆலோசனையும் சேர்த்து 6,800 ரூபாய். வித்தியாசத்தை நீங்களே எப்படிப் பார்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஏன் ஏமாந்தேன் என்றால், அதற்கு முந்தின வாரம்தான் வலி என்று பாலக்கோட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடி, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பி, வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் இருந்தபோது பெல்ட் கம்பெனியிலிருந்து போனில் ஒரு பெண், "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க அக்கா, நானும் இப்படி அலைஞ்சவதான்" என்றாள். அவ்வளவுதான், உருகிவிட்டேன். என் வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் லோடு ஏற்றி இறக்கிச் சேர்த்த காசு, அப்போதே போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு இடுப்பில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு வந்து இறுக்கியது. பெல்ட்டைக் கட்டினேன், பச்சை. பச்சை என்றால் சூட்டு வலியாம். நர்ஸுக்கு மெசேஜ் போட்டால் "தண்ணீர் குடித்து இடது பக்கம் படுங்கள்" என்று வந்தது, அதையே மூன்று தடவை, ஒரு எழுத்து மாறாமல். அத்தை சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார், நடந்தேன், படுத்தேன், எதற்கும் அடங்கவில்லை. ஒரு மணிக்கு அத்தை பெல்ட்டை விலக்கிவிட்டு வயிற்றில் கை வைத்தார். கல்லாட்டம் இறுகி, விட்டு, எட்டு நிமிஷத்தில் மறுபடி இறுகியது. "லைட்டு கிடக்கட்டும், 108க்குப் போடு" என்றார். ஆஸ்பத்திரியில் கை வைத்துப் பார்த்த டாக்டரம்மா, கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்துவிட்டது என்றார். அப்போதும் பெல்ட் பச்சைதான்!

மறுநாள் கம்பெனிக்குக் கூப்பிட்டால் "லூசாகக் கட்டியிருப்பீர்கள்". அடுத்த நாள் "டெக்னிகல் டீம் கூப்பிடும்". மூன்றாம் நாள், இது மருத்துவக் கருவியே இல்லையாம், விதிமுறையில் போட்டிருக்காம். அப்புறம் எதற்கு ஐயா 6,800 ரூபாய்? அந்த அக்கா என்றவள் நம்பர் இப்போது போகவே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

சரி, சொல்கிறேன் என்றது. சூட்டு வலி முன்னே பின்னே வரும், தண்ணீர் குடித்தாலோ ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பிப் படுத்தாலோ பெரும்பாலும் அடங்கும். நிஜ வலி அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே, வலு கூடிக்கொண்டே வரும். ஆனால் 37 வாரம் ஆகாதவர்கள் நிமிஷம் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், விட்டுவிட்டு இறுகினால் உடனே போங்கள். தண்ணீர் கசிந்தால், ரத்தம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால் எத்தனை மாசமானாலும் உடனே. எங்கள் ஊர் நர்ஸம்மா இதையெல்லாம் காசில்லாமலே சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. இன்னும் எழுத வேண்டும், பால் எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள்.