ஊட்டிக் குளிருக்குக் கண் கழுவும் கருவி: எதை வாங்கலாம்?

ரசாயனம் கண்ணில் தெறித்தால் உடனே கழுவ, ஆய்வகத்துக்குக் கண் கழுவும் கருவி கேட்டால் கடையில் மூன்று வகை காட்டுவார்கள்: சுவரில் மாட்டும் பிழி பாட்டில், குழாயில் இணைக்கும் ஸ்டீல் கிண்ணம், தன் நீரைத் தானே ஊற்றும் பிளாஸ்டிக் தொட்டி. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி, கல்லூரி, மண் பரிசோதனைக் கூடங்களுக்கு மூன்றாவதையே வாங்கச் சொல்வோம்.

இந்தக் கருவிகளுக்கான அமெரிக்காவின் ஆன்சி இஸட்358.1 தரம் கேட்பது இது: நிமிடத்துக்குக் குறைந்தது 1.5 லிட்டர், விடாமல் 15 நிமிடம், இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில், 16 முதல் 38 டிகிரி வெப்பத்தில். கணக்குப் போட்டால் 22.5 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் அந்த வேகத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதைப் பிழிய ஒரு கை வேண்டும். இமையைப் பிரித்துப் பிடிக்க இன்னொரு கைதான் மிஞ்சும். மண்ணில் நைட்ரஜன் அளக்கும் கெல்டால் சோதனைக்குக் கலக்கும் 40 சதவீத காஸ்டிக் சோடா தெறித்தால் இது போதவே போதாது. அமிலத்தைவிட இதுபோன்ற காரம் கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும்.

ஸ்டீல் கிண்ணம் நல்ல பொருள்தான், சமவெளியில். இந்த வகைகள் பலவற்றுக்கு 2 பார் அளவு நீரழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார்தான் தரும். மொட்டை மாடித் தொட்டியை நம்பினால் நீர் நுனியில் சொட்டிக்கொண்டு நிற்கும். மேட்டில் 20 மீட்டருக்கு மேல் தொட்டி இருந்தால் அழுத்தம் கிடைக்கும், ஆனால் குளிர் விடாது. உறைபனிக் காலத்துக் காலையில் வெளித்தொட்டி நீர் 10 டிகிரியை ஒட்டி நிற்கும். அந்த நீரில் 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைப்பது பெரியவர்களுக்கே கடினம். பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் முகத்தைத் திருப்பிவிடுவார்கள். கீசர் குழாயை நேராக இணைப்பது இன்னும் மோசம். 38 டிகிரிக்கு மேல் போனால் நீரே கண்ணுக்குக் கேடு. வெப்பம் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு இல்லாமல் அந்த வேலையே வேண்டாம்.

தொட்டி வகைக்கு அழுத்தம் தேவையில்லை. முன்னால் மடிந்திருக்கும் தட்டைக் கீழே இழுத்தால் ஒரு நொடிக்குள் நீர் பாய வேண்டும், கையை எடுத்த பிறகும் நிற்காமல் ஓட வேண்டும். வாங்கிய அன்றே முழுக்க நிரப்பித் திறந்துவிடுங்கள். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும் என்பதால் முதல் நிமிடத்தை அளந்து பயனில்லை; பதினைந்தாவது நிமிடத்து நீரை வாளியில் பிடித்து அளங்கள். 1.5 லிட்டர் வராவிட்டால் திருப்பிக் கொடுங்கள். நீர் வரும் நுனி தரையிலிருந்து 84 முதல் 134 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். வேலை மேசையிலிருந்து 10 நொடியில், படி ஏறாமல், கதவு திறக்காமல் எட்ட வேண்டும். அடர் அமிலமும் காரமும் கையாளும் மேசை என்றால் பக்கத்திலேயே வேண்டும்.

குறைகளும் உண்டு. அறையே 12 டிகிரியில் இருந்தால் தொட்டி நீரும் அப்படித்தான் இருக்கும். தெர்மோஸ்டாட் வைத்த சூடேற்றும் உறையைச் சேர்த்தே வாங்குங்கள். அதற்குப் பணமில்லையென்றால் குளிர்காலத்தில் அடர் அமில, கார வேலைகளை வெயில் ஏறியபின் வையுங்கள். 60 லிட்டர் தொட்டி நிரம்பினால் 60 கிலோவைத் தாண்டும். பழைய மண் சுவரில் ஆணி அடித்து மாட்டாமல் இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில் பாசி பிடிக்கும். தேங்கிய நீரில் அகந்தமீபா போன்ற கண்ணைக் கெடுக்கும் கிருமிகள் வளரும். அதனால் பாதுகாப்பு மருந்து சேர்க்காத குடிநீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். சேர்த்தால் அதன் லேபிள் சொல்லும் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். விழிப்பாக இருக்க வேண்டிய இந்த ஒரு வேலைக்கு ஓர் ஆளின் பெயரைத் தொட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

விபத்து நடந்தால் நீர் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர் தேடி ஓட வேண்டாம். உடனே கழுவுங்கள், இமைகளை விரலால் விரித்து, விழியைச் சுழற்றச் சொல்லி. கான்டாக்ட் லென்ஸைக் கழுவிக்கொண்டே எடுங்கள். காரத்துக்கு வினிகர் ஊற்றுவது கூடவே கூடாது. 15 நிமிடம் முடியாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வளைவுப் பாதை. அந்தப் பிழி பாட்டிலுக்கு உண்மையான பயன் இங்கேதான்: தொட்டியில் முழுதாகக் கழுவியபின் வழியெல்லாம் தொடர்ந்து கழுவ, இரண்டு மூன்றை உடன் எடுத்துச் செல்லலாம்.