35 கிலோவாட்டில் இரண்டு வருடம்: தடுப்பு போட்ட இசட்650

சித்தி மகனுக்கு 19 வயது. போன வாரம் மோட்டார் சைக்கிளுக்கான ஏ2 லைசன்ஸ் கைக்கு வந்தது. சக்தி வரம்புள்ள வண்டியை மட்டும் ஓட்டலாம் என்ற லைசன்ஸ் அது. அன்று ராத்திரியே போன் செய்துவிட்டான். "அண்ணா, உங்களை மாதிரி 650 வாங்கித் தடுப்பு போட்டுக்கொள்ளட்டுமா, இல்லை 500 போதுமா?" 650, 500 என்பது இன்ஜினின் அளவு, சிசியில். தடுப்பு என்பது சக்தியைக் குறைக்க வண்டியில் பொருத்துவது. ரெண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவனுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இது. பிரிட்டனில் இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

விதி தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 2013 ஜனவரி 19 முதல் ஏ2 என்றால் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன். அதற்கு முன்பு 25 கிலோவாட்தான். எடைக்கும் கணக்கு உண்டு: கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக் கூடாது. பெரிய வண்டியைக் குறைத்து ஓட்டலாம், ஆனால் அதன் அசல் சக்தி 70 கிலோவாட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. என் கவாசாகி இசட்650 அசலில் 50.2 கிலோவாட், எடை 187 கிலோ. குறைத்த பிறகு கிலோவுக்கு 0.187 வருகிறது. காகிதத்தில் எல்லாம் சரி.

நான் வாங்கியது 2018 மாடல், பழைய வண்டி. 2021இல் ஏ2 எடுத்த கையோடு வாங்கித் தடுப்பு போட்டேன். 2023இல் சக்தி வரம்பில்லாத முழு ஏ லைசன்ஸ் வந்ததும் அந்தத் தடுப்பை எடுத்தேன். நடுவில் 14,000 மைல். வாரம் முழுக்க ஆக்ஸ்போர்டில் வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எம்40 நெடுஞ்சாலை வழியாக லண்டன் ஹாரோவில் வீடு, ஞாயிறு ராத்திரி திரும்பவும் ஆக்ஸ்போர்டு. மழை, பனி, உப்பு போட்ட சாலை எல்லாம் இதில் அடக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது. ஊருக்குள் தடுப்பு இருப்பதே தெரியாது. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தியை எடுத்துவிட்டோம், வண்டி சோர்ந்து கிடக்கும் என்று நினைத்தேன். இல்லவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. சக்தி என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் பெருக்கினால் வருவது. இந்த இன்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 65 நியூட்டன் மீட்டர். 5,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5,000 சுற்றில், அந்த உச்சமே முழுதாகக் கிடைத்தாலும் 34 கிலோவாட்தான் வரும். ஆகவே 5,000க்குக் கீழே இந்த வண்டி 35ஐத் தொடவே தொடாது, வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. சிக்னலில் இருந்து எடுப்பது, ரெண்டாவது கியரில் ரவுண்டபவுட் சுற்றுவது, மூன்றாவதில் பஸ்ஸைத் தாண்டுவது எல்லாமே 5,000க்குக் கீழேதான் நடக்கிறது. அடியில் இருந்தே நிதானமாக, கனமாக இழுக்கும் அந்த ரெட்டைச் சிலிண்டர் சுகத்தில் ஒரு துளியும் குறையவில்லை. 500ஐ இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. உச்சத்தில் ரெண்டும் ஒரே 35 கிலோவாட். ஆனால் அங்கே போய்ச் சேர 500ஐ இன்னும் கொஞ்சம் சுற்றவிட வேண்டும்.

இன்னொன்று, லைசன்ஸ் மாறும்போது வண்டியை மாற்ற வேண்டியதில்லை. ரெண்டு வருடம் பழகி, பிரேக் எங்கே கடிக்கும், சீட் எப்போது வலிக்க ஆரம்பிக்கும் என்பதெல்லாம் தெரிந்த வண்டி, ஒரு நாள் காலையில் முழு வண்டியாகக் கைக்கு வருகிறது. அந்த நாள் உண்மையிலேயே நல்ல நாள்.

சரி, இப்போது அந்தத் தடுப்பு.

சக்தியைக் குறைக்கப் பல வழி இருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இன்ஜினுக்குக் காற்று போகும் வாயில் சின்ன ஓட்டை போட்ட வளையத்தை வைப்பார்கள். புதிய வண்டிகளில் இன்ஜினை நடத்தும் கணினியான இசியூவின் மென்பொருளையே மாற்றலாம். மூன்றாவது வழி த்ராட்டில் ஸ்டாப்: காற்று வழியில் இருக்கும் வட்டத் தகடு முழுதாகத் திறக்காதபடி குறுக்கே ஒரு உலோகத் துண்டை வைத்துத் திருகிவிடுவது. எனக்குப் போட்டது இதுதான். வண்டிக் கம்பெனியின் கிட் அல்ல, வேறு ஒருவர் செய்து விற்பது. கூலி, தடுப்பு போட்டதற்கான சான்றிதழ் எல்லாம் சேர்த்து 200 பவுண்டுக்குப் பக்கத்தில் ஆனது. மலிவு என்று சந்தோஷப்பட்டேன்.

இதில் என்ன குறை என்றால், ஆக்சிலரேட்டரை முறுக்கும் கை பாதியில் போய் இடிக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும். கடையில் நின்ற வண்டியில் முறுக்கிப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஓட்டும்போது கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது: இவ்வளவு முறுக்கினால் இவ்வளவு வரும், இன்னும் வேண்டுமென்றால் இன்னும் முறுக்கு. அந்தக் கணக்கின் நடுவில் சுவர். வேகம் போதவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 70 மைல் வேக வரம்புக்கு 35 கிலோவாட் தாராளம். எதிர்க்காற்றும் ஏற்றமும் சேரும் இடத்தில் மட்டும் கை தானாக இன்னும் கொஞ்சம் கேட்கும், அங்கே 'டக்' என்று நிற்கும். இசியூ மாற்றிய வண்டியில் இது கிடையாது. அங்கே கை முழுதாகத் திரும்பும், வண்டி தன் அளவுக்குத் தரும். சக்தி ஒன்றேதான், ஆனால் கைக்கு அது தடையாகத் தெரியாது.

எம்40இல் ஆக்ஸ்போர்டு பக்கமிருந்து லண்டன் வரும்போது ஸ்டோக்கன்சர்ச்சுக்கு முன்னால் சில்டர்ன் குன்றுகளை வெட்டிப் போட்ட ஏற்றம் ஒன்று உண்டு. ரெண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் உயர்ந்து நிற்கும், மேலே கைட் என்னும் பருந்துகள் வட்டமிடும். அழகான இடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். நான் நடுப் பாதைக்கு வந்து முறுக்குவேன். டக். ஏற்றம் முடியும்வரை கையை அந்தச் சுவரில் அழுத்தியே வைத்திருப்பேன். அழுத்தினால் எதுவும் வராது என்று மூளைக்குத் தெரியும், மணிக்கட்டுக்குத் தெரியாது. வீடு போய்ச் சேரும்போது வலது மணிக்கட்டில் ஒரு வலி இருக்கும்.

ரெண்டாவது குளிர்காலத்தில், பிப்ரவரி மாதம், அதே ஏற்றத்தில்தான் அது நடந்தது. உச்சிக்கு வந்தேன், முன்னால் வண்டிகள் பிரேக் போட்டன, கையை விட்டேன். வண்டி விடவில்லை. இழுத்துக்கொண்டே போகிறது. கிளட்சைப் பிடித்தேன், இன்ஜின் அலறியது, இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்சை அழுத்தினேன். சத்தம் நின்றதும் காற்று மட்டும் கேட்டது. அப்படியே உருட்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்து, தடுப்பு வேலிக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேலிக்கு மேலாகக் கையை நீட்டி முறுக்குப் பிடியை முன்பக்கமாகத் தள்ளினேன். 'டிக்' என்று விடுபட்டுப் பழைய இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஓட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மீட்பு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஹாரோவில் மெக்கானிக் டேங்கைத் தூக்கிவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். கட்டை விரல் நகம் அளவு உலோகத் துண்டு. அதன் ஒரு விளிம்பில், த்ராட்டில் சக்கரத்தின் நாக்கு வந்து இடிக்கும் இடத்தில், ஒரு பள்ளம். ஆயிரக்கணக்கான முறை இடித்து இடித்து விழுந்த பள்ளம். அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது, சுற்றிலும் துரு. திருகு அரைச் சுற்று தளர்ந்து துண்டு லேசாகச் சாய்ந்திருந்தது. நாக்கு அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

நியாயமாகப் பேச வேண்டும். ரெண்டு வருடம் அதன் மேல் முழு பலத்தையும் போட்டது என் கைதான். பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தால் அந்தப் பள்ளம் இவ்வளவு ஆழமாக விழுந்திருக்காது. ஆனால் இடிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு துண்டை இவ்வளவு மெத்தென்ற உலோகத்தில் ஏன் செய்ய வேண்டும்? கிட்டோடு வந்த தாளில் இத்தனை மைலுக்கு ஒரு முறை திறந்து பார் என்று ஒரு வரி கூட இல்லை. பொருத்திய கடையும் சொல்லவில்லை. வருடா வருடம் சர்வீஸ் செய்தவர்களுக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இவ்வளவு அலட்சியம் இருக்கலாமா? இதை எழுதும்போது கூட எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மெக்கானிக், "எடுத்து எறிந்துவிடட்டுமா?" என்றார். அவர் நல்ல மனதோடு கேட்டார். தம்பி, இந்த இடத்தைக் கவனமாகப் படி. எடுத்துவிட்டு ஏ2 லைசன்ஸில் ஓட்டினால் அது லைசன்ஸுக்குப் புறம்பாக ஓட்டியதாகும். இன்சூரன்ஸும் கைவிரிக்கும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினாலே லைசன்ஸில் 6 முதல் 8 தண்டனைப் புள்ளி. முதல் லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸையே ரத்து செய்துவிடுவார்கள். 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று உன் கூட்டாளிகள் சொல்வார்கள். விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஜினைத் திறந்து பார்ப்பார்கள். எனவே அதே வகைப் புதுத் துண்டு ஒன்றை வாங்கிப் போடச் சொன்னேன். வேறு வழி இருக்கவில்லை. அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை நானே டேங்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. தேதி போட்டு, கடையின் பெயர் அச்சிட்ட தாளில், வண்டியின் பதிவெண்ணோடு இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு எழுத்து தப்பு. இன்சூரன்ஸ்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். கடையை விட்டு வெளியே வரும் முன் எழுத்து எழுத்தாகச் சரிபார். வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்த சீட்டைத் தேர்வு மையத்தில் ஏற்க மாட்டார்கள்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று. முழு ஏ தேர்வுக்குக் குறைந்தது 595 சிசி, 50 கிலோவாட் வண்டி வேண்டும். இசட்650 அசலில் 50.2. அளந்து செய்த மாதிரி பொருந்துகிறது, இல்லையா? ஆனால் தடுப்போடு போனால் தேர்வு வண்டியாக ஏற்க மாட்டார்கள், தடுப்பை எடுத்தால் அங்கே தனியாக ஓட்டிப் போக எனக்கு லைசன்ஸ் இல்லை. ரெண்டு வருடம் உயிராக வைத்திருந்த வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, பயிற்சிப் பள்ளியின் வண்டியில் போய்த் தேர்வில் ஓட்டிக் காட்டினேன். அந்தப் பயிற்சிச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்.

தடுப்பை எடுத்த அன்று எம்40க்குத்தான் போனேன். அதே ஏற்றம், அதே லாரிகள். முறுக்கினேன். கை பழைய இடத்தில் தானாக நின்றுவிட்டது. அங்கே இப்போது சுவர் இல்லை. நான்தான் அதை மெதுவாக, யோசித்து, இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. அப்புறம் வண்டி போன விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை, ஹெல்மெட்டுக்குள் சத்தமாகக் கத்தினேன். ரெண்டு வருடமாகிறது. இன்றைக்கும் அவசரத்தில் கை அந்தப் பழைய இடத்தில் ஒரு கணம் தயங்குகிறது.

இந்த வண்டியை நான் விற்க மாட்டேன். இதைவிட நல்ல முதல் பெரிய வண்டி எனக்குத் தெரியாது. ஆனாலும் தம்பி, உனக்கு நான் சொல்வது 500. ஹோண்டா 2013இல் கொண்டுவந்த 471 சிசி சிபி500 வரிசை 35 கிலோவாட்டுக்கென்றே செய்தது. எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே குறுக்கே எதுவும் இல்லை, கை போகும்வரை போகும். 650தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இசியூ வழியாகக் குறைத்ததாகப் பார். த்ராட்டில் ஸ்டாப் என்று யாராவது சொன்னால், பணம் எவ்வளவு மிச்சமானாலும், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடு.

அந்தப் பழைய துண்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது எடுத்துக் காட்டுகிறேன், அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்.