அசோகமித்திரனா, லா.ச.ரா.வா: முதல்ல யாரைப் படிக்கலாம்?

ரெண்டு பேருமே சாகித்ய அகாடமி விருது வாங்கின தமிழ் எழுத்தாளர்கள் (லா.ச.ரா, அதாவது லா.ச. ராமாமிர்தம் 1989, அசோகமித்திரன் 1996), அதனால தரத்துல சண்டை இல்ல, மொழியிலதான் வித்தியாசம்.

வேகம்: அசோகமித்திரன் சரசரன்னு ஓடும். லா.ச.ரா.வை வாய்விட்டுப் படிச்சாத்தான் பிடிபடும்.

உணர்ச்சி: விஷயமே இங்கதான். அசோகமித்திரனோட 'புலிக்கலைஞன்' சிறுகதைல சினிமா சான்ஸ் கேட்டு வந்த ஆளு ஆபீஸுக்குள்ளயே புலியா மாறிப் பாயுறான், முடிஞ்சதும் பழையபடி ஒடுங்கி நிக்கிறான், கதைசொல்லி உக்காந்து உருகவே மாட்டார், அந்த வேலைய நம்ம தலையில கட்டிட்டு நகர்ந்துடுவார், அப்புறம் எங்க தூக்கம் வரும்? லா.ச.ரா நேர்மாறு. நெருப்புன்னு சொன்னா வாய் வேகணும்னு சொன்ன மனுஷன், சொல்லையே மந்திரமா ஓதி நம்மள உள்ள இழுத்துடுவார்.

காப்பியடிக்க: ரெண்டும் ஆபத்து. அசோகமித்திரன் மாதிரி எழுதப் போனா பேப்பர் நியூஸ் ஆயிடும், லா.ச.ரா மாதிரின்னா வெறும் புலம்பல் (நிறைய பாத்தாச்சு).

பஸ்ல படிக்க, கதை எழுதிப் பழகன்னா கண்ணை மூடிட்டு அசோகமித்திரன். மொழியில முங்கி எந்திரிக்கணும்னா லா.ச.ரா, ஆனா எடுத்த எடுப்புல நாவல் வேணாம், சிறுகதைல ஆரம்பிங்க.