சாட்டர்னின் 4 எம்பி ராம் கார்ட்ரிட்ஜ்: ஒன்பது வருட அனுபவம்

காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டில் பழைய டியூப் டிவி ஒன்று இன்னும் ஓடுகிறது. அதன் கீழே இரண்டு கன்சோல்கள். ஒன்று சிங்கப்பூரிலிருந்து அம்மான் கொண்டுவந்த பிளேஸ்டேஷன். இன்னொன்று நான் தேடி வாங்கிய ஜப்பான் செகா சாட்டர்ன். அதை வாங்கியதே 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற ஒரே சண்டை ஆட்டத்துக்காக.

ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கடை மெஷினில், இது இரண்டு பேர் அணி. ஹெவி பன்ச்சையும் ஹெவி கிக்கையும் சேர்த்து அழுத்தினால் ஆள் மாறும். அடிபட்டவன் வெளியே நின்று கொஞ்சம் தேறித் திரும்புவான். ஆட்டத்தின் உயிரே அதுதான். பிளேஸ்டேஷன் பதிப்பில் அது இல்லை. கூட்டாளி ஓடி வருவான், ஒரு அடி கொடுப்பான், மறைந்துவிடுவான். "ஏண்ணே, இவன நம்ம எடுத்து ஆட முடியாதா?" என்று அத்தை மகன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் மெமரியில் இருக்கிறது. ஆள் மாற வேண்டுமென்றால் இரண்டு அணியிலும் சேர்த்து நாலு பேருடைய அசைவுப் படங்களும் எந்த நேரமும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷனின் முதன்மை ராம், அதாவது ஆடும்போது தகவலை வைத்துக்கொள்ளும் மெமரி, 2 எம்பி; படத்துக்கெனத் தனியாக 1 எம்பி. சிடியிலிருந்து நொடிக்கு 300 கேபிதான் வரும். 2 எம்பியை நிரப்பவே ஏழு நொடி ஆகும். பந்தியில் இலை போட்ட பிறகு சாமான் வாங்கச் சந்தைக்கு ஓட முடியுமா? அதனால் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். இதே வரிசையில் பின்னால் வந்த பிளேஸ்டேஷன் ஆட்டம் ஒன்றில் ஆள் மாற்ற ஒரு வழி வைத்தார்கள்: என் கூட்டாளி எதிராளியின் முதல் ஆளாகவே இருக்க வேண்டும். அப்படியானால் மொத்தம் இரண்டே பேர். நெருக்கடியில் கண்டுபிடித்த அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சாட்டர்னிலும் முதன்மை ராம் 2 எம்பிதான். ஆனால் 1997-இல் ஜப்பானில் இந்த ஆட்டத்தோடு வந்த 4 எம்பி கூடுதல் ராம் கார்ட்ரிட்ஜை மேலே மூடிக்குப் பின்னாலுள்ள ஸ்லாட்டில் செருகினால் நாலு பேரும் உள்ளே அடங்கிவிடுகிறார்கள். முதல் நாள் ஆள் மாறியபோது திரை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கை நடுங்கிவிட்டது எனக்கு.

தொல்லைகளும் உண்டு. ஜப்பான் கன்சோல் 100 வோல்ட்டுக்கானது, நம் ஊர் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். எங்கள் ஊர் செம்மண் தூசி ஸ்லாட்டில் ஏறினால் கன்சோலுக்குக் கார்ட்ரிட்ஜ் இருப்பதே தெரியாமல் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு அதன் தங்க முனைகளைத் துடைப்பேன். ஆடியதைச் சேமித்து வைக்கும் சேவ் கார்ட்ரிட்ஜுக்கும் இதே ஸ்லாட்தான் என்பதால் ராம் இருக்கும்போது உள்ளேயுள்ள 32 கேபி மட்டுமே மிச்சம். அதைக் காப்பது ஒரு சிஆர்2032 பேட்டரி. ஒருமுறை நான் மாற்ற மறந்து, அத்தை மகன் சேர்த்து வைத்திருந்த சேவ் எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து தை பிறந்ததும் முதல் வேலை பேட்டரி மாற்றுவதுதான்.

ஆள் மாற்றி ஆட ஆசைப்படுகிறவர்கள் யோசிக்காமல் சாட்டர்னையும் கார்ட்ரிட்ஜையும் சேர்த்தே வாங்குங்கள். போன பொங்கலுக்கு அத்தை மகன் வந்தான். டிபன்கூடச் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் ஆள் மாற்றி மாற்றியே ஆடினான்.