புது வி-கிராஸுக்குப் பெரிய டயர்: 265/60-ஆ, 265/65-ஆ?

வண்டி எடுத்து 900 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, அதற்குள் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரையும் கழற்றிவிட்டேன். இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், 1.9 லிட்டர் டீசல், மேனுவல் கியர், நாலு வீல் டிரைவ். கம்பெனி கொடுத்த 255/60 ஆர்18 ரோட்டு டயரில் (அகலம் 255 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம்) குறை ஒன்றும் இல்லை. சேலம் பைபாஸில் சத்தமே கேட்காது. ஆனால் எங்கள் தோட்டம் இருப்பது கொல்லிமலையில். செம்மேட்டைத் தாண்டிக் கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் செம்மண் தடம். ஐப்பசி மழையில் அந்த டயரின் வரிகளில் மண் அப்பிக்கொண்டால் தேய்ந்து போன டயர் மாதிரி வழவழப்பாகிவிடும். முதல் மழையிலேயே வண்டி பக்கவாட்டில் நழுவி மிளகுக் கொடி ஏற்றியிருந்த சில்வர் ஓக் மரத்தில் உரசி நின்றது.

மாற்றுவது என்று முடிவானதும் அளவு எது என்ற கேள்வி வந்தது. ஒரு பக்கம் 265/60 ஆர்18 ஆல் டெரெய்ன் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்), வேறெதையும் தொடாமல் மாட்டலாம். இன்னொரு பக்கம் 265/65 ஆர்18, கூடவே சஸ்பென்ஷனில் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும் லிஃப்ட் கிட். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அதே வண்டிக்கு இரண்டாவதைப் போட்டார். நான் முதலாவதைப் போட்டேன். பத்து மாதமாக இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் சாய்வு என் டயர் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அண்ணன் வண்டி பார்க்கக் கம்பீரம். என் வண்டியில் மாற்றம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கு இதுதான். கம்பெனி டயரின் விட்டம் 763 மி.மீ. 265/60 போட்டால் 775, அதாவது 1.6 சதவீதம் கூடுதல். 265/65 போட்டால் 802, சரியாக 5 சதவீதம். விட்டம் கூடுவதில் பாதிதான் வண்டிக்கு அடியில் உயரமாகக் கிடைக்கும். எனக்கு 6 மி.மீ., அண்ணனுக்கு 19 மி.மீ. லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும்; பின் ஆக்ஸிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டை டயர் மட்டும்தான் உயர்த்த முடியும். அவ்வளவு செலவு செய்தும் அந்தக் குண்டுக்குக் கிடைப்பது 19 மி.மீ.தான் என்பது எனக்கு இடித்தது. என் தடத்தில் எனக்குத் தேவைப்பட்டது பிடிப்பு. அதைத் தருவது டயரின் பட்டன், அதாவது மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள். ஒரே மாடல் ஆல் டெரெய்னில் இரண்டு அளவுக்கும் ஏறக்குறைய அதே பட்டன்தான்.

இப்போது என்னை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் நாலு உர மூட்டை, நாலு ஆள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, இரண்டாவது கியரில் மறுபடி இழுக்க வேண்டும். இந்த எஞ்சின் 360 நியூட்டன் மீட்டர் இழுவையை முழுசாகத் தருவது 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள். அதற்குக் கீழே டர்போ விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். டயர் 5 சதவீதம் பெரிதானால் இரண்டு பக்கமும் அடி. அதே வேகத்தில் 1,600-ல் சுற்றிய எஞ்சின் 1,525-ல் சுற்றும். அதோடு தரையில் கிடைக்கும் தள்ளுவிசையும் 5 சதவீதம் குறையும். 360 இருந்த இடத்தில் 343 இருப்பது போல. என் டயரில் அதே கணக்கு 354. காகிதத்தில் பார்த்தால் சின்ன எண்கள்தான். டர்போ எழுவதா படுப்பதா என்று ஊசலாடும் இடத்தில் அந்த 75 ஆர்பிஎம் பெரிய விஷயம்.

நாமக்கல்லில் டயர் வாங்கிய கடைக்காரப் பெரியவர் இதைத்தான் ஒரு வரியில் சொன்னார்: “உசரத்த வச்சு என்னங்க தம்பி பண்றது, லோடோட ஊசி வளைவுல ரெண்டாவது கியரு இழுக்கோணுமில்லீங்க?” லாரிக்கே பேர் போன ஊரில் காலமெல்லாம் டயர் மாட்டியவர் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டேன்.

அது எவ்வளவு உண்மை என்பது அண்ணன் வண்டியை நான் ஓட்டி ஏறிய அன்றைக்குப் புரிந்தது. நாற்பதாவது வளைவைத் தாண்டி ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் இறங்கி வந்தது. மலையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி என்றாலும், அந்த வளைவில் பஸ் திரும்பினால் நமக்கு இடமில்லை, நின்றுவிட்டேன். பஸ் போனதும் முதல் கியரில் எடுத்து இரண்டாவதுக்குப் போனால் எஞ்சின் முனகுகிறது, வண்டி நகர மறுக்கிறது. முதலாவதுக்கு இறக்கினால் அலறல். நடுவில் கால் தன்னால் கிளட்சை அரைவாசி மிதித்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் கிளட்ச் கருகும் வாடை கேபினுக்குள் வந்துவிட்டது. அதே இடத்தில், அதே சுமையோடு, என் வண்டி இரண்டாவது கியரில் முக்காமல் ஏறுகிறது. அரை கிளட்ச் தேவைப்படுவது நின்று எடுக்கும்போது மட்டும்தான்.

நாலு வீல் டிரைவோடு மட்டும் வரும், இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரைப் போட்டு ஏறலாமே என்று கேட்பார்கள். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. பிடிப்புள்ள தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் பூட்டி ஊசி வளைவு திரும்பினால், முன் சக்கரமும் பின் சக்கரமும் போகும் தூரம் வேறுபடுவதால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது. ஆக மலை ரோடு முழுக்க இரண்டு வீல் டிரைவ்தான், சுமை முழுக்கக் கிளட்சின் தலையில்தான். வாரம் இரண்டு தரம் ஏறி இறங்குகிறவனுக்கு டயர் செலவு ஒரு முறை. கிளட்ச் செலவு திரும்பத் திரும்ப வரும். அதற்கு கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி இதே மாதிரி இருக்காது. அதில் நான் சுமையோடு மலை ஏறியதில்லை, அதனால் அவர்களுக்கு எது சரி என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது உரசல். 5.3 மீட்டர் நீள வண்டி ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்காமல் திரும்பாது. அண்ணன் டயர் முழு ஒடிப்பில் வீல் ஆர்ச்சின் பின்பக்க பிளாஸ்டிக்கில் சரசரவென்று தேய்த்தது. லிஃப்ட் போட்டால் சரியாகும் என்று நம்பியிருந்தார். சக்கரம் மேலே எழும்பும்போது இடிப்பதற்குத்தான் லிஃப்ட் மருந்து. ஒடிக்கும்போது உரசுவது டயரின் அகலமும் விட்டமும் ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்ற ஆஃப்செட்டும் சேர்ந்து செய்யும் வேலை. கடைசியில் ஹீட் கன் வைத்து பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளி, கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். என் டயர் 10 மி.மீ. அகலம் கூடியதுதான், இதுவரை எங்கும் தொடவில்லை. மாட்டியதும் உள்பக்கம் சாக்பீஸ் பூசி இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்பினேன்.

மைலேஜ் விஷயத்தில் பெரிய டயரைக் கொஞ்சம் அநியாயமாகவே திட்டுகிறோம். 12 கொடுத்தது 10.8 ஆகிவிட்டது என்று அண்ணன் வருத்தப்பட்டார். டயர் பெரிதானதால் அவர் மீட்டரில் 1,000 காட்டும்போது வண்டி ஓடியிருப்பது 1,050. அதைச் சேர்த்தால் 11.3 வருகிறது. குறைந்ததில் பாதிக்குக் கிட்ட மீட்டரின் பொய். ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரக் குறிப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி இருக்கிறது. லிஃப்ட் கிட் கண்ணில் படாமல் இருக்காது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். எந்த அளவு டயர் போட்டாலும் இன்சூரன்ஸிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

265/60 ஆர்18-க்கு இன்னொரு வசதி, ஃபார்ச்சூனரின் அளவும் அதுவே. சின்ன ஊரில்கூட ஒரு டயர் கிடைத்துவிடும். 265/65-க்கு அண்ணன் சொல்லி வைத்துக் காத்திருந்தார், அதுவும் நாலுதான் வாங்கினார். ஸ்டெப்னி பழைய 255-ஆகவே கிடக்கிறது. காட்டுத் தடத்தில் பஞ்சர் ஆகி அதை மாட்டினால், 5 சதவீத வித்தியாசத்தோடு நாலு வீல் டிரைவ் போட முடியாது. தேவைப்படும் நேரத்தில் கையில் இல்லாத நாலு வீல் டிரைவ் எதற்கு? நான் ஐந்தாக வாங்கியது இதனால்தான்.

மஹிந்திரா ‘தார்’ ஜீப்புக்கு வரும் 255/65 ஆர்18-ஐயும் யோசித்தேன். விட்டம் 789, கூடுதல் 3.3 சதவீதம், அகலம் மாறாது. நடுவழிக்குப் பொருத்தமாகத்தான் தெரிகிறது. மேனுவல் வி-கிராஸில் அதைப் போட்டுச் சுமையோடு ஏறிய யாரையும் நான் பார்க்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். டயர் ஓடியது 14,000 கிலோமீட்டர்தான். தேய்மானம் பற்றிப் பேச இன்னும் காலம் இருக்கிறது. 80-க்கு மேல் ஒரு ரீங்காரம் கேட்கிறது, கம்பெனி டயரில் இல்லாதது. ஈர ரோட்டில் பிரேக் முன்னைவிடக் கொஞ்சம் நீளுகிறது என்றும் தோன்றுகிறது, அளந்து பார்க்கவில்லை.

கழற்றிய ஐந்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 255/60 ஆர்18 ஸ்கார்ப்பியோ-என்னுக்கும் சேரும். ராசிபுரத்தில் ஒருவர், ரப்பர் முடிகூட உதிராத டயர் என்று பார்த்ததுமே பாதி விலைக்கு மேல் கொடுத்து ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றியிருந்தால் அந்த விலை வந்திருக்காது.